மனம் நோயுற்றால் ஊதியம் என்னாகும்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையில் விடியற்காலையில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. இரவுப் பணி முடித்துத் திரும்புவோரை ஏற்றிய வண்டிகளும், காலைப் பணிக்குச் செல்வோரை ஏற்றிய வண்டிகளும் எதிரெதிரே கடந்து செல்லும். திரும்பி வந்து இறங்குகிறவர்களின் புருவத்திலும் தலைமயிரிலும் பஞ்சு படிந்திருக்கும். 1936ஆம் ஆண்டில் பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் இராசபாளையத்தில் நூற்பாலை ஒன்றைத் தொடங்கினார். அதன் பின்னர் இவ்வட்டாரத்தில் எத்தனையோ ஆலைகள் எழுந்தன. இன்று இங்கே ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்காத தெருவே இல்லை என்று சொல்லலாம். இந்நூலைப் படிக்கும் மாணவர்களில் சிலரும் அத்தகைய வீடுகளிலிருந்து வந்தவர்களாகவே இருப்பீர்கள்.

நான் மாணவனாயிருந்த நாளில் எங்கள் தெருவில் ஆலைத் தொழிலாளர் ஒருவர் இருந்தார். நூற்புப் பிரிவில் வேலை. அறுந்த இழையை ஓடும் கதிரிலேயே கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுவார் என்று உடன் வேலை செய்வோர் சொல்லுவார்கள். 1990களின் தொடக்கத்தில் ஒரு கோடைக்காலத்தில் அவர் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். இரவில் உறங்கமாட்டார். எந்திரங்களின் இரைச்சலுக்குள்ளிருந்து தம்மை யாரோ ஏசுவதாகச் சொல்லுவார். மனைவி சமைத்த சோற்றைத் தொடுவதற்கே அஞ்சினார். அக்கம்பக்கத்தார் கேட்டபோதெல்லாம், 'மஞ்சள் காமாலை, பத்தியத்தில் இருக்கிறார்' என்றே வீட்டார் விடை சொன்னார்கள். ஆலைக்கும் அவ்வாறே சொல்லப்பட்டது. மருத்துவரிடமும் களைப்பு என்றும் பசியின்மை என்றுமே சொல்லிச் சான்றிதழ் வாங்கினார்கள். வாரக்கணக்கில் விடுப்பு நீண்டது. நோய்க்காலப் பணம் கிடைக்கும் நாள்கள் தீர்ந்தன. பிறகு வேலையும் போயிற்று.

அந்தக் குடும்பத்தார் ஒன்றை அறிந்திருக்கவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்குக் கூடுதலான காலம், கூடுதலான வீதத்தில் ஊதியம் கிடைத்திருக்க வழியுண்டு. எந்த நோயின் பெயரைச் சொன்னால் வேலை போய்விடும் என்று அவர்கள் அஞ்சினார்களோ, அந்த நோயின் பெயர் சட்டப்படி உதவி பெறும் நோய்களின் பட்டியலிலேயே இருந்தது. இதை நான் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்துகொண்டேன். இந்த உரைக்குக் காரணமும் அதுவேயாகும்.

காப்பீடு என்ற சொல்லை நாம் பொதுவாக ஒரே பொருளில் வழங்குகிறோம். உண்மையில் அதற்குள் வெவ்வேறு வகைகள் உள்ளன. மருத்துவமனைச் செலவைத் தருவது ஒன்று. நோயினால் வேலைக்குப் போக இயலாத நாள்களில் இழந்த கூலியை ஈடுசெய்வது மற்றொன்று. வேலை செய்யும் ஆற்றலே நிலையாகக் குறைந்துவிட்டால், அக்குறையை அளந்து பணம் தருவது மூன்றாவது. முதல் வகையைப் பற்றித்தான் செய்தித்தாள்களில் மிகுதியாகப் படிக்கிறோம். ஆனால் உழைத்து உண்ணும் குடும்பத்தைத் தாங்குவனவும், கவிழ்ப்பனவும் பின்னிரண்டு வகைகளே. மருந்துக்கு அரசு மருத்துவமனை உண்டு. அரிசிக்கு?

ஈ.எஸ்.ஐ. என்று நாம் சுருக்கமாக வழங்கும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் இம்மூன்றையும் ஒருங்கே கொண்டது. 1943ஆம் ஆண்டில் பேராசிரியர் பி. பி. அதார்க்கரிடம் இத்தகைய திட்டம் ஒன்றை வகுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்து வந்தவர் டாக்டர் அம்பேத்கர். 1944இல் அதார்க்கர் தம் அறிக்கையை அளித்தார். 1948இல் சட்டம் இயற்றப்பட்டது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரில் நேரு அவர்கள் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1955இல் அது கோவைக்கு வந்தது. நூற்பாலைகளின் நகரமாகிய கோவையே தமிழ்நாட்டில் அதை முதலில் பெற்றது என்பது பொருத்தமானதே. 1948ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. எனினும் திட்டத்தின் அடிப்படை மாறவில்லை. தொழிலாளி தம் சம்பளத்தில் ஒரு சிறு பங்கைச் செலுத்துகிறார். முதலாளி அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல் செலுத்துகிறார். 2019 ஜூலையில் வகுக்கப்பட்டபடி தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளியின் பங்கு மூன்றேகால் ரூபாய்.

இனி இதன் நடைமுறையைப் பார்ப்போம். நாட்கூலி 500 ரூபாய் பெறும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் காய்ச்சலில் விழுந்தால், மருத்துவர் சான்றளிக்கும் நாள்களுக்குக் கூலியில் 70 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 350 ரூபாய் கிடைக்கும். இது ஆண்டில் 91 நாள் வரையில்தான். பெரும்பாலான நோய்களுக்கு இதுவே போதும். ஆனால் காசநோய்க்குப் போதுமா? புற்றுநோய்க்குப் போதுமா? ஆகையால் நீண்டகால நோய்கள் முப்பத்து நான்கைத் தனியே பட்டியலிட்டு, அவற்றுக்கு 'நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பயன்' என்ற ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். இரண்டாண்டு தொடர்ந்து பணியிலிருந்து, அக்காலத்தில் 156 நாள்களுக்காவது பங்கு செலுத்தியவருக்கு இது உரியது. 91 நாள் தீர்ந்த பின் கூலியில் 80 விழுக்காடு வழங்கப்படும். நம் எடுத்துக்காட்டுத் தொழிலாளிக்கு அது நாளொன்றுக்கு 400 ரூபாய். முதலில் 124 நாள். நோய் நீடித்தால் 309 நாள். மருத்துவக் குழு தேவையெனக் கருதினால் இரண்டாண்டு வரையிலும் நீட்டலாம். 309 நாள்களுக்கு மட்டும் கணக்கிட்டாலும் 1,23,600 ரூபாய் ஆகிறது. ஒரு குடும்பம் கடன்காரர் வாசலில் நிற்பதற்கும் நிற்காமலிருப்பதற்கும் இடையே உள்ள தொகை அது.

அந்தப் பட்டியலைப் பாருங்கள். காசநோய் உண்டு, தொழுநோய் உண்டு, புற்றுநோய் உண்டு, பக்கவாதம், ஈரல் சுருக்கம், சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் உண்டு. அவற்றோடு அதே வரிசையில், அதே வீதத்தில், அதே கால அளவுக்கு மனநோய்களும் உண்டு. மனச்சிதைவு நோய், உள்ளிருந்தே எழும் கடும் மனச்சோர்வு, பெருங்களிப்பும் பெருஞ்சோர்வும் மாறிமாறி வரும் நோய், அறிவாற்றலை அழிக்கும் மறதி நோய் என நான்கும் விளக்கமாகக் குறிக்கப்பட்டுள்ளன. 'மனநோய்க்கு ஆறு மாதம் போதும்' என்றோ, 'மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே தரப்படும்' என்றோ தனி நிபந்தனை எதுவும் இல்லை. நுரையீரல் கெட்டவரும் மனம் கலங்கியவரும் ஒரே சாளரத்தில் நின்று ஒரே கணக்கில் பணம் பெறலாம்.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்லுகிறேன் என்றால், செல்வம் மிகுந்த நாடுகளிலும் இது எளிதில் கிடைத்த உரிமை அன்று. கனடா நாட்டின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் பேட்டில்ஃபோர்ட்ஸ் என்னும் ஊர்க் கூட்டுறவுச் சங்கம் ஒன்று தன் ஊழியர்களுக்காக ஊதிய இழப்புக் காப்பீடு எடுத்திருந்தது. உடல்நோயால் வேலை செய்ய இயலாதவருக்கு அறுபத்தைந்து வயது வரை பணம் உண்டு. மனநோயால் இயலாதவருக்கோ இரண்டே ஆண்டு. அதற்கு மேலும் வேண்டுமானால் அவர் மனநோய் விடுதிக்குள் அடைபட்டிருக்க வேண்டும். பெண் ஊழியர் ஒருவர் இதை எதிர்த்து வழக்காடினார். 1996ஆம் ஆண்டில் கனடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் அடிப்படை மிகத் தெளிவானது. இந்தக் காப்பீட்டின் நோக்கம் என்ன? வேலை செய்ய இயலாமையால் ஊதியம் இழப்பவரைக் காப்பது. அவ்வியலாமை முதுகெலும்பில் பிறந்தால் என்ன, மூளையில் பிறந்தால் என்ன? நோக்கம் ஒன்றாயிருக்க, பயன் மட்டும் இரண்டாயிருப்பது பாகுபாடே ஆகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் நிலைமை இன்னும் வேறு. அங்கே 2008ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், மனநோய்க்கான சிகிச்சைச் செலவை உடல்நோய்க்கு நிகராக நடத்த வேண்டும் என்று கூறுகிறது. ஆனால் ஊதிய இழப்புக் காப்பீட்டை அது தொடவில்லை. அதனால் மனநோய்க்கு இருபத்து நான்கு மாதம் என்ற எல்லை அந்நாட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் இன்றும் இருந்து வருகிறது. சிகிச்சையில் சமநீதி, கூலியில் இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் இதே கதைதான்.

நம் நாடாளுமன்றம் 2017ஆம் ஆண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை இயற்றியது. 2018 மே 29ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 21ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, உடல்நோய்ச் சிகிச்சைக்கு எந்த அடிப்படையில் மருத்துவக் காப்பீடு தரப்படுகிறதோ, அதே அடிப்படையில் மனநோய்ச் சிகிச்சைக்கும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் தர வேண்டும் என்று விதிக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதே ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் நிறுவனங்களுக்கு இதை அறிவுறுத்திச் சுற்றறிக்கை விடுத்தது. இருந்தும் நிறுவனங்கள் விரைந்து இணங்கிவிடவில்லை. 2021இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. அந்தக் காப்பீட்டின் முழுத்தொகை 3,95,000 ரூபாய். ஆனால் மனநோய் என்றால் 50,000 ரூபாய்க்கு மேல் இல்லை என்று நிறுவனம் எல்லை கட்டியிருந்தது. நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த எல்லையை ஏற்கவில்லை. பின்னர் 2022 அக்டோபரில், அம்மாதம் 31ஆம் நாளுக்குள் எல்லாக் காப்பீடுகளும் மனநோயை உள்ளடக்கியாக வேண்டும் என்று ஆணையம் மீண்டும் ஒருமுறை சொல்ல நேர்ந்தது. ஒரு சட்டத்தை இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அதற்கு இருந்த வரவேற்பை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் நல்லதே. எனினும் அச்சட்டத்தின் சொற்களைக் கூர்ந்து நோக்குங்கள். அது பேசுவது மருத்துவக் காப்பீட்டைப் பற்றி. மனநோய்ச் சிகிச்சையைப் பற்றி. இழந்த கூலியைப் பற்றியோ, ஊனத்துக்கான ஈட்டுத்தொகையைப் பற்றியோ அந்த உட்பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. எனவே படுக்கைக்கும் மருந்துக்கும் நிறுவனம் பணம் தரும். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து, ஓராண்டு காலம் எந்திரத்தின் முன் நிற்க இயலாமல் இருப்பவருக்கு என்ன வழி என்ற வினாவுக்கு அது விடை கூறவில்லை. ஆயுள் காப்பீட்டோடு சேர்த்து விற்கப்படும் விபத்து மற்றும் ஊனக் காப்பீடுகளை எடுத்துப் பாருங்கள். இரு கண்ணையும் இழத்தல், இரு கையையும் மணிக்கட்டுக்கு மேல் இழத்தல் என்று உறுப்புகளின் கணக்கே அவற்றில் காணப்படும். நம் நாட்டுக் காப்பீட்டுப் பத்திரங்களில் நெடுங்காலம் இருந்து வந்த விதிவிலக்கு ஒன்றைப் படித்தபோது நான் திகைத்தேன். பணம் தரப்படாத காரணங்களை வரிசைப்படுத்துகையில், சித்தப்பிரமையையும் ஒழுக்கக்கேட்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். நோயும் குற்றமும் ஒரே மூச்சில்! அந்த வரியை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு எழுதியிருக்கமாட்டார். உலகம் அப்படி எண்ணியது. அவரும் அப்படியே எழுதினார்.

ஈ.எஸ்.ஐ. திட்டமுங்கூட எல்லா இடத்திலும் ஒரே முகம் காட்டுவதில்லை. நோய்க்காலப் பணத்தில் அது காட்டிய நேர்மையைக் கண்டோம். பணியில் ஏற்படும் காயங்களுக்கு இழப்பீடு தரும் அட்டவணை வேறு வகையானது. கட்டைவிரலை இழந்தால் உழைப்பாற்றலில் 30 விழுக்காடு இழப்பு. சுட்டுவிரல் முழுவதும் போனால் 14. கேள்விப்புலன் முற்றும் போனால் 100. முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தாலும் 100. நாட்கூலி 500 ரூபாய் பெறும் தொழிலாளி எந்திரத்தில் கட்டைவிரலை இழந்தால், 500இன் 90 விழுக்காட்டில் 30 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 135 ரூபாய் வாழ்நாள் முழுவதும் கிடைக்கும். இந்த நீண்ட அட்டவணையில் மனம் என்ற உறுப்பு இல்லை. ஒரு நியாயத்தை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். இது பணியில் நேர்ந்த காயத்துக்கான பட்டியல். பெரும்பாலான மனநோய்கள் ஆலை எந்திரத்தால் வந்தவை என்று காட்ட இயலாது. தலையில் அடிபட்டு அதனால் அறிவு குலைந்தால், அட்டவணையில் இல்லாத காயமாக மருத்துவக் குழு அதை அளந்து சொல்லவும் கூடும். ஆயினும் ஒன்று. பஞ்சுத் தூசை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பதால் வரும் பிஸ்ஸினோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தொழில்நோயாக ஏற்க மருத்துவ உலகம் நெடுங்காலம் தயங்கியது. இன்று அது தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரவும் பகலும் மாறிமாறி வரும் பணிமுறை உறக்கத்தையும் உள்ளத்தையும் என்ன செய்கிறது என்ற ஆராய்ச்சி வளர வளர, இந்தப் பட்டியலும் மீண்டும் திறக்கப்படலாம்.

மனநோயைக் காப்பீடு செய்யத் தயங்குவோர் கூறும் காரணங்களையும் நாம் கேட்டாக வேண்டும். அவர்கள் கூறுவன பெரும்பாலும் இரண்டு. ஒன்று, மனநோயை அளக்க முடியாது, கண்ணுக்குத் தெரியாது, ஆகையால் நடிப்பவர் புகுந்துவிடுவர். மற்றொன்று, மனநோய் வந்தால் போகாது. எனவே பணம் கொடுத்து மாளாது.

முதற்காரணத்தைப் பார்ப்போம். முதுகுவலியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதற்காக முதுகுவலிக்காரர் அனைவரையும் நடிகர் என்று தள்ளிவிடுகிறோமா? மேலும், மனநோயால் விளையும் இயலாமையை அளப்பதற்கு நம் நாட்டு மனநல மருத்துவர்களே ஒரு கருவியை வகுத்திருக்கிறார்கள். இந்திய மனநல மருத்துவச் சங்கத்தார் உருவாக்கிய அந்த அளவுகோல் 2002இல் அரசால் ஏற்று அறிவிக்கப்பட்டது. அதன் முறை எளிது. தன்னைத்தானே பேணிக்கொள்ளுதல், பிறரோடு பழகுதல், பேசிப் புரிந்துகொள்ளுதல், வேலை செய்தல் ஆகிய நான்கு துறைகளில் ஒருவர் எவ்வளவு இடர்ப்படுகிறார் என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் நான்கு வரை மதிப்பெண் இடுகிறார்கள். நோய் எத்தனை ஆண்டு நீடித்தது என்பதற்கும் ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண் உண்டு. மொத்தம் இருபது. ஏழும் அதற்கு மேலும் வந்தால் நூற்றுக்கு நாற்பது என்ற எல்லையை எட்டியதாகக் கொள்வர். ஊனமுற்றோருக்கான அரசுச் சலுகைகள் பலவற்றுக்கு இந்த நாற்பதுதான் வாயில். விரலை அளப்பதுபோல் இது துல்லியமா என்று கேட்கலாம். இல்லைதான். ஆனால் 'கட்டைவிரல் போனால் 30' என்ற கணக்கும் ஓர் உடன்பாடேயன்றி இயற்கை எழுதிவைத்த எண் அன்று. வீணை வாசிப்பவரின் கட்டைவிரலும் கணக்கெழுதுபவரின் கட்டைவிரலும் ஒன்றாகுமா?

இரண்டாம் காரணத்துக்குச் சென்னையே விடை கூறியிருக்கிறது. அதற்கு முன் காசநோயின் கதையைச் சற்றே நினைவுகூர வேண்டும். ஒரு காலத்தில் காசநோயும் இப்படித்தான் மறைக்கப்பட்டது. பெண் கொடுக்கமாட்டார்கள், வேலை தரமாட்டார்கள், ஊருக்கு வெளியே மலையடிவார மருத்துவமனையில் ஆண்டுக்கணக்கில் கிடக்க வேண்டும். 1956இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், நெரிசலான வீட்டிலேயே இருந்து மருந்துண்பவரும் மருத்துவமனையில் தங்கி மருந்துண்பவரைப் போலவே குணமடைகிறார் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அதன் பிறகு காசநோயாளி வீட்டில் இருந்தார். பிறகு வேலைக்கும் திரும்பினார். மனச்சிதைவு நோயைப் பற்றியும் சென்னையில் இதற்கு ஒப்பான உழைப்பு நடந்தது. டாக்டர் சாரதா மேனன் அவர்கள் 1984இல் நிறுவிய 'ஸ்கார்ஃப்' நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும், முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான 90 பேரை 1980களின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டு தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, தொடர்ந்து வந்தவர்களில் பெரும்பாலோர் நோய்க்குறிகள் தணிந்தவர்களாக இருந்தார்கள். வந்தால் போகாது என்ற எண்ணம் சரியன்று. சிலருக்குப் போகாதுதான். பலருக்குத் தணியும். தணிவதற்குக் காலம் வேண்டும். அந்தக் காலத்தில் அடுப்பு எரிய வேண்டும். ஊதிய இழப்புக் காப்பீடு வாங்கித் தருவது அந்தக் காலத்தைத்தான்.

மனநோயை நோயாகவே கருதாத மரபு நம்முடையது என்று சிலர் சொல்லுவர். அதுவும் முழு உண்மை அன்று. நம் சித்த மருத்துவ மரபு மனநோய்களைக் 'கிரிகை' என்று பெயரிட்டுப் பதினெட்டாக வகுத்து, மருந்தும் கூறியிருக்கிறது. வகுத்த காலம் முதல் அது நோய்களின் கூட்டத்திலேயே இருந்தது. ஏழ்மையும் வெட்கமும் சேர்ந்துதான் அதை அங்கிருந்து வெளியேற்றின.

அவ்வாறு வெளியேற்றப்பட்டால் என்ன ஆகும் என்பதை நம் அண்டை மாவட்டமே கண்டது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் விடுதி ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில் தீப்பிடித்தது. அங்கே தங்கியிருந்த மனநோயாளர்களில் 28 பேர் இறந்தனர். அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்தக் குடும்பங்கள் கல்நெஞ்சினர் என்று அன்று பலர் பேசினார்கள். நான் அவ்வாறு எண்ணவில்லை. வருமானம் நின்றுபோன வீட்டில், நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேலையை விட்டு வீட்டிலிருந்தால் இரண்டு கூலி போகும். விடுதியில் விட்டால் ஒரு கூலியாவது மிஞ்சும். அந்தக் கணக்கை ஏழை வீட்டார் கண்ணீரோடு போட்டிருப்பார்கள். கனடாவின் அந்தக் காப்பீடு 'அடைபட்டிருந்தால் பணம் தருகிறேன்' என்றது. நம் நாட்டு வறுமை 'அடைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்' என்றது.

ஓய்வூதியத் துறையில் நாம் குறிப்பிடத்தக்க நல்ல ஏற்பாடு ஒன்று உண்டு. 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம் முழுநிலை ஊனத்துக்கு ஓய்வூதியம் தருகிறது. அதற்குப் பத்தாண்டுப் பணி வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அத்திட்டம் ஊனத்தை எப்படி வரையறுக்கிறது? இதற்கு முன் செய்யக்கூடியவராயிருந்த வேலைகளை இனி எப்போதும் செய்ய இயலாதவராக ஆக்கும் நிலை என்பதே அதன் கருத்து. அந்நிலை பணியிடத்தில் நேர்ந்ததா, வேறிடத்திலா என்றும் அது கேட்பதில்லை. கையா, காலா, மனமா என்றும் கேட்பதில்லை. 2014 செப்டம்பரில் வகுத்தபடி குறைந்த அளவு மாதம் 1,000 ரூபாய் என்பது மிகச் சிறிய தொகைதான். தொகை சிறிது, வரையறை பெரிது. ஊனக் காப்பீடு எழுதுவோர் அனைவரும் இந்த வரையறையைப் பின்பற்றினால், நாம் பேசிக்கொண்டிருக்கும் சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்பது என் கருத்து.

ஆனால் இவையெல்லாம் ஆலையின் வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்களுக்கே. சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யும் சிறு தறிக்கூடங்கள் பல உள்ளன. பத்துப் பேருக்குக் குறைந்த ஆட்கள் வேலை செய்யும் கூடத்துக்கு ஈ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கைத்தறியில் நெய்பவருக்கும், நாள் முழுவதும் பால்கோவா அடுப்பின் முன் நின்று கிண்டுபவருக்கும் பெரும்பாலும் இதே நிலைதான். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை அவர்களிடம் இருக்கலாம். அது மருத்துவமனைச் செலவுக்கு உதவும். கூலியைத் தராது. உலகத்தின் காயங்களுக்கெல்லாம் துணி நெய்து அனுப்பும் ஊரில், தறி முன் அமர்ந்திருப்பவருக்கு அவருடைய சொந்தக் காயத்துக்குக் கட்டு இல்லை.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் வீட்டில் ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பங்கு செலுத்திய நாள்கள் எத்தனை, இரண்டாண்டு நிறைந்ததா என்று கேளுங்கள். வீட்டில் ஒருவர் உறக்கமின்றி, உணவின்றி, காரணமில்லாத அச்சத்தோடு வாரக்கணக்கில் இருந்தால், மருத்துவரிடம் அதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். நோயாளியின் செய்திகளை இரகசியமாகக் காக்கும் கடமையை 2017ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் மீது சுமத்தியிருக்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், 2022 அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். தமிழிலேயே விடை சொல்லுவார்கள்.

எங்கள் தெருக்காரர் இப்போதும் இருக்கிறார். வேலை போன இரண்டாம் ஆண்டில்தான் அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அதற்குள் மனைவியின் நகையும் வீட்டின் பின்கட்டும் போய்விட்டிருந்தன. மருந்து பலன் தந்தது. இரைச்சலுக்குள் கேட்ட குரல்கள் நின்றன. ஆலையில் மீண்டும் சேர வயது இடந்தரவில்லை. கட்டுத்துணித் தறிக்கூடம் ஒன்றில், ஏழெட்டுப் பேரோடு, ஆலைக் கூலியில் பாதிக்கு வேலை பார்த்தார். இழை அறுந்தால் இப்போதும் அவர் கைதான் முதலில் போகும் என்று அங்குள்ளவர்கள் சொல்லுகிறார்கள். அந்தக் கூடத்தில் ஈ.எஸ்.ஐ. இல்லை.